ஒரு பெட்டைக் குதிரையும் நான் எழுதிய கடிதமும்

காட்டில் குதிரையோடு மூன்று இரவு தங்கப்போகிறேன் என்று மகள் சொன்னபோது நான் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி விடுகிற முகமில்லை. கையில் ஒரு கொப்பி. அதில் இரண்டு மரம் கீறி, நடுவில் ஒரு கயிறு கீறி, கயிற்றில் ஒரு குதிரையைக் கட்டி வைத்திருந்தாள்.

"நீங்களும் வரோணும் அம்மா. இது தனிய செய்யிற வேலையில்லை."

"உனக்கு விசரே பிள்ளை? நான் எங்க, காடு எங்க?"

"அப்பாவும் வரோணும்."

முன்னறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "எந்தக் காடு?" என்று மட்டும் கேட்டார். இவர் அதிகம் கதைக்கிற மனிதரில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து இவருடைய பங்குக்கும் சேர்த்து நான்தான் கதைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் குதிரைப் பைத்தியம் எங்கேயிருந்து பிடித்தது என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வீணைக்கும் பரதத்துக்கும் போக, இவள் பதினோரு வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் சவாரிப் பள்ளிக்குப் போய், மத்தியானம் சாணி மணத்தோடு படியேறி வருவாள். சொந்தக்காரர் கேட்டால் "ஸ்போர்ட்ஸ்" என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது அவளுக்கு இருபது வயது. ஒன்பது வருஷமும் அவள் ஏறியது ஒரே பெட்டைக் குதிரையில். நல்ல மண்ணிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு. பரீட்சையில் புள்ளி குறைந்தாலும், சிநேகிதியோடு கோபித்துக்கொண்டாலும், முதலில் அந்தக் குதிரைக்குத்தான் தெரியும், பிறகுதான் எனக்கு.

அந்தக் குதிரைக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது. இடது கண்ணில் புகை படிந்துவிட்டது. இனிச் சவாரிக்கு உதவாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் நல்ல இடம் பிடித்தால் நீங்கள் கொண்டு போகலாம், இல்லாவிட்டால் தெற்குக் கடற்கரையில் வெளிநாட்டுக்காரரை ஏற்றித் திரிகிற ஒருவர் கேட்டிருக்கிறார், அவரிடம் போகும் என்றார்கள். அந்த மனிதருடைய குதிரைகளை மகள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். நடு வெயிலில், கொதிக்கிற மணலில், விலா எலும்பு தெரிய நின்றனவாம். அதைச் சொல்லிவிட்டு இரண்டு நாள் சோற்றில் கை வைக்கவில்லை.

கடைசியில் ஒரு மிருக வைத்தியர் மூலம் இடம் கிடைத்தது. கண்டிக்கும் அப்பால், மலைக்காட்டின் விளிம்பில், ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர். அவரும் மனைவியும் மட்டும். இரண்டு மட்டக்குதிரைகளை வைத்துப் பார்க்கிறார்கள். மூன்றாவதாக இதையும் எடுத்துக்கொள்வதில் அவருக்குச் சந்தோஷம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கொழும்புச் சத்தத்தில் வளர்ந்த குதிரை காட்டுச் சத்தத்தில் மிரளும். முதல் மூன்று இரவும் அதற்குப் பழகிய ஆட்கள் பக்கத்தில் படுக்கவேண்டும். லொறியிலிருந்து இறக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போவதென்றால் வேண்டவே வேண்டாம். அவர்களுடைய வீட்டில் இருப்பது ஒரே ஓர் அறை. ஆகவே கூடாரம்.

இதுதான் விஷயம். கிழட்டுக் குதிரை ஒன்றுக்குப் போக இடம் வேண்டும், அதற்காக எங்கள் குடும்பம் காட்டில் போய்ப் படுக்கவேண்டும். எனக்கு விளங்கியபோது அடுப்பில் போட்ட வெண்டிக்காய் கருகிவிட்டது.

சரி என்று தலையாட்டிய அடுத்த நாளே தலைமைப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷம் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் செயலாளராக இருந்தவள் நான். எழுத்தில் இல்லாதது நடக்கவில்லை என்பதுதான் எங்கள் கந்தோரின் வேதம். பிளாஸ்டிக் உறைகள் வைத்த ஒரு நீலப் பைலை எடுத்து, முதல் பக்கத்தில் "குதிரை" என்று எழுதி, மகளை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினேன்.

ஒவ்வொரு பதிலும் எனக்கு ஓர் இடி. குதிரை நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்குமாம். வயிறு வெறுமையாய் இருந்தாலும் ஆபத்து, திடீரென்று தீனியை மாற்றினாலும் ஆபத்து, வயிற்றுவலி வந்து விழுந்தால் எழும்பாமலே போகவும் கூடுமாம். ஆகவே கொழும்பில் தின்கிற கினிப் புல்லையும் தவிட்டையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய், மலைப் புல்லோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுக்கவேண்டும். கட்டையில் கட்டினால் கால் சிக்கும். இரண்டு மரத்துக்கு நடுவில், ஆள் உயரத்துக்கும் மேலே கயிறு இழுத்து, அதில் கட்டினால்தான் அங்கும் இங்கும் நடந்து நின்று தூங்கும். கயிறு மரப்பட்டையை அறுக்காமல் இருக்க அகலமான பட்டி வேண்டும். அட்டை மூக்குத் துவாரத்துக்குள் ஏறுமாம்; தினமும் காலையில் மூக்குக்குள் பார்க்கவேண்டும்.

"ஆர் பாக்கிறது?"

"நானும் நீங்களும்."

"நான் உன்ர மூக்கைக்கூட இவ்வளவு பாக்கேல்லை பிள்ளை."

ஆனால் நான் அசந்துபோனது சிறுத்தையில். மாஸ்டர் (அந்தச் சிங்கள ஆசிரியரை நாங்கள் அப்படித்தான் சொல்லத் தொடங்கியிருந்தோம்) தொலைபேசியில் வெகு சாதாரணமாகச் சொன்னார். சில நாளைக்கு வரும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கும், போய்விடும் என்றார். விருந்தாளி வந்து போகிற மாதிரி. நான் சிங்களத்தில் "சரி, சரி" என்றேன். போனை வைத்துவிட்டு, கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். பிறகு பைலில் எழுதினேன்: சிறுத்தை. அதற்கு எதிரே என்ன எழுதுவதென்று தெரியவில்லை. டோர்ச் லைட், இரண்டு, என்று எழுதினேன்.

லொறிக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். எங்கள் கந்தோரில் சாமான் போக்குவரத்தைப் பார்த்த தம்பி ஒருவர் அங்கே இருக்கிறார். தம்பி என்று நான் சொல்வதுதான், அவருக்கே ஐம்பது தாண்டிவிட்டது. கோயிலுக்குப் பின்னால் அவருடைய வீடு, வீட்டை மறைத்துக்கொண்டு லொறி. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறந்தபடியே நின்றார்.

"அக்கா, நான் ப்ரிட்ஜ் ஏத்தியிருக்கேன், பியானோ ஏத்தியிருக்கேன், மாதா சுரூபம் ஏத்தியிருக்கேன். குதிர ஏத்தினதில்ல."

"மாதாவை ஏத்தின கைக்குக் குதிரை ஏறாதே?" என்றேன். சிரித்துவிட்டார். சிரித்தால் அவர் சம்மதித்த மாதிரி.

லொறியின் தட்டில் வழுக்காமல் மணல் போட்டு, அதன்மேல் வைக்கோல் போடுவது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்துவது. வளைவுகளில் பிறேக்கை மிதிக்காமல் கியரில் இறக்குவது. எல்லாம் மகள் சொல்ல, அவர் ஒரு சிகரெட் பெட்டி மட்டையில் எழுதிக்கொண்டார். துறைமுகத்தில் பெட்டி தூக்கும் அகலப் பட்டி இரண்டு தன்னிடம் கிடப்பதாகவும், மரத்துக்கு அதையே சுற்றலாம் என்றும் அவராகவே சொன்னார். தானும் மூன்று இரவும் கூட நிற்பதாகச் சொன்னார். அன்று வீடு திரும்பும்போது எனக்கே கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. உண்மையைச் சொல்லவேண்டும்.

பைல் நிறைந்தது. போகிற நாளுக்கு இரண்டு கிழமை இருந்தது. ஒரு பின்னேரம் எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துவிட்டு மூடப் போனேன். கை மூடவிடவில்லை. நாலு தமிழ்ப் பெயர், ஒரு லொறி, கூடாரம், காடு, மூன்று இரவு. எல்லாவற்றையும் ஒரே வசனமாக மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன். இதை ஒரு பொலிஸ்காரர் வாசித்தால் என்ன நினைப்பார்?

அந்த யுத்த நாட்களில் வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று படிவம் நிரப்பிப் பொலிசில் பதிந்து, முத்திரை குத்திய பிரதியைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது ஓர் இரவுக்கு வந்தாலும், குளித்துச் சாப்பிடமுதல் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவோம். அதெல்லாம் முடிந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்பதில்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன்.

மாஸ்டருடைய ஊருக்குப் பொறுப்பான பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கு, பதிவுத் தபாலில், சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. நாலு பேருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், அட்டையின் இரண்டு பக்கமும் போட்டோப் பிரதி. லொறி இலக்கம். வருகிற திகதி, போகிற திகதி. தங்குமிடம் என்ற இடத்தில் மாஸ்டருடைய பெயரும் விலாசமும். குதிரைக்குத் தனித் தாள். பால்: பெண். நிறம், உயரம், வயது. அடையாளம்: நெற்றியில் வெள்ளைத் திட்டு, இடது கண் மங்கல். முன்பக்கமாக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். அதை ஒட்டும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராக ஒட்டியிருக்கிறேனா என்றுதான் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ, பொலிசுக்கு எழுதிப்போட்டன்," என்று இவரிடம் சொன்னேன்.

"மாஸ்டற்ற விலாசமும் போட்டனீரோ?"

"ஓம்."

"நல்லது," என்றார்.

மகளிடம் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை. வெளிக்கிடமுதல் காஸை நிப்பாட்டினேன் என்று யாரும் யாரிடமாவது சொல்வார்களா? அதுபோலத்தான்.

போவதற்கு ஐந்து நாள் இருந்தது. காலையில் நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் அழைத்தார். கை முழுக்க மா. மகள்தான் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஆகவே அவர் சொன்னது முழுவதையும் மூன்று பேரும் கேட்டோம். அவர் சிங்களத்தில் கதைத்தார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

"மிஸ், நீங்கள் பொலிசுக்கு ஏதாவது எழுதினீர்களா?"

"ஓம்," என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

"யாராவது எழுதச் சொன்னார்களா?"

"இல்லை."

மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் பின்னேரம் ஆறு மணிபோல ஒரு ஜீப் அவர்களுடைய வாசலுக்கு வந்திருக்கிறது. அவர் வேலிக் கம்பி வாங்க டவுனுக்குப் போயிருந்தார். மனைவி தனியே. வந்தவர்கள் நல்ல மனிதர்கள், எந்தக் குற்றமும் அவர்களில் இல்லை, கடிதம் வந்தது, என்ன குதிரை என்று கேட்டுவிட்டுப் போக வந்தார்கள். ஆனால் மனைவி ஜீப்பைக் கண்டதும் பின்கதவால் இறங்கிக் காட்டுக்குள் ஓடிவிட்டா. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் திரும்பி வந்தபோது அந்தப் பொலிஸ்காரர்களே அவவைத் தேடிக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் கூப்பிடக் கூப்பிட அவ இன்னும் உள்ளே போயிருக்கிறா. ஆற்றுக்குப் பக்கத்தில், ஒரு பாறைக்குப் பின்னால், காலில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாவாம்.

"அவளுடைய தம்பியை அந்த வாசலில்தான் ஜீப்பில் ஏற்றினார்கள்," என்றார் மாஸ்டர். "எங்கள் சிங்களப் பொடியன்களையும் கிளர்ச்சிக்காரர் என்று பிடித்த காலத்தில். பத்தொன்பது வயது. திரும்பி வரவில்லை. ஜீப் ஒன்று வாசலில் நின்று இத்தனை வருஷமாகிவிட்டது. நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

மா கையில் காய்ந்துகொண்டிருந்தது.

"குதிரை?" என்று மகள் கேட்டாள்.

"அதை நான் இனிச் சொல்ல ஏலாது மகள். அவள்தான் சொல்லவேண்டும். நேற்றிலிருந்து அவள் ஒன்றும் கதைக்கவில்லை."

போன் நின்றது. மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முதல் கண்டதில்லை. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அம்மா, ஆர் உங்களைக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"பின்ன ஏன் எழுதினீங்கள்? அவற்ற பெயரையும் விலாசத்தையும் ஏன் குடுத்தீங்கள்?"

எங்கள் வாசலுக்கு ஜீப் வரக்கூடாது என்று எழுதினேன். அதை இன்னொரு வாசலுக்கு நானே அனுப்பிவைத்திருக்கிறேன். ஜீப்புக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நாட்டுப்புறத்துச் சிங்கள மனுசி செருப்பில்லாமல் ஓடியிருக்கிறா. என் மண்டையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது.

"அப்பாவை ஒருக்கால் கொண்டு போனவங்கள்," என்றேன்.

"எங்க?" என்று கேட்டாள் மகள்.

அந்தக் கேள்வியில் நான் உடைந்து போனேன். கொண்டு போனவங்கள் என்றால் எங்க என்று கேட்கிற பிள்ளையை வளர்த்திருக்கிறோம். தெரியக்கூடாது என்றுதானே சொல்லாமல் வளர்த்தோம். அன்று மேசையடியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் கலியாணம் கட்டி இரண்டாம் வருஷம். இவருடைய மச்சான் முறையான ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பிந்திய ரயிலில் வந்தார். களைத்துப் போயிருந்தார். நாளைக் காலையில் பதியலாம் என்று படுக்க விட்டோம். விடியமுதல் ஜீப்பில் வந்துவிட்டார்கள். மச்சானையும் கொண்டு போனார்கள், இவரையும் கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து இவரை விட்டார்கள். மச்சானை ஒரு வருஷம் கழித்து. அந்த மூன்று நாளும் என்ன நடந்தது என்று நான் கேட்டபோது இவர் "ஒண்டுமில்லை" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

மகள் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரியாத ஒரு மனிதரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எங்கட அப்பாவையா?" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு அவர் சொன்னார்: "நாளைக்குப் போவம்."

"எங்க?" இந்த முறை கேட்டது நான்.

"அந்த மனிசியைப் பாக்க."

கலியாண வீடு, செத்த வீடு எதற்கும் நான் இழுத்தால்தான் வருகிற மனிதர். மாஸ்டருக்கு அழைத்து, இவருக்கு நடந்ததைச் சொல்லி, வரலாமா என்று கேட்டேன். வாருங்கள், ஆனால் அவள் வெளியே வருவாள் என்று நான் சொல்லமாட்டேன் என்றார். மகள் வர மறுத்துவிட்டாள். "நீங்கள் செய்ததை நீங்களே போய்ச் சரிசெய்யுங்கோ," என்றாள். என்னுடைய மகள்தான், சந்தேகமில்லை.

காலை ரயிலில் கண்டிக்குப் போய், அங்கேயிருந்து இரண்டு பஸ் மாறினோம். வழி முழுக்க நான் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்கிற வசனத்தை வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பஸ் எங்களை இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஒரு மண் பாதை. பாதை முடிகிற இடத்தில் வீடு. வீட்டுக்குப் பின்னால் காடு சுவர்போல நின்றது.

அங்கே நான் கண்ட முதல் விஷயமே என்னை அறைந்தது. மேட்டில் இரண்டு மரங்களுக்கு நடுவில், ஆள் உயரத்துக்கும் மேலே, புதுக் கயிறு கட்டி இருந்தது. மகள் சொல்லிக் கொடுத்த மாதிரியே. பக்கத்தில் வெட்டிக் காயவைத்த புல், தறப்பாளால் மூடி. எங்களுக்காக எல்லாம் ஆயத்தம் செய்து வைத்திருந்திருக்கிறார்கள், ஜீப் வருகிற நாள்வரைக்கும்.

மாஸ்டர் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவருடைய குதிரைகள் இரண்டும் வேலியோரம் நின்று எங்களைப் பார்த்தன. அரை மணித்தியாலம் போயிருக்கும். பிறகு குசினிப் பக்கத்துக் கதவில் அவ வந்து நின்றா. சின்ன உருவம், நரைத்த கொண்டை, இரண்டு பாதத்திலும் துணி சுற்றியிருந்தது. நான் எழும்பினேன். ஒத்திகை பார்த்த வசனத்தில் பாதி சொன்னேன். அவ என்னைப் பார்க்கவேயில்லை. எனக்குப் பின்னால் இருந்த இவரைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"உங்களைத்தானா கொண்டு போனது?" என்று சிங்களத்தில் கேட்டா.

"ஓம்," என்றார் இவர். இவருடைய சிங்களம் கடைத்தெருச் சிங்களம்.

"எத்தனை நாள்?"

"மூன்று."

"அடிச்சாங்களா?"

"கொஞ்சம்."

அந்தக் "கொஞ்சம்" எனக்குச் செய்தி. நான் மெதுவாக உட்கார்ந்தேன்.

அவ ஒவ்வொன்றாகக் கேட்டா. படுக்க இடம் இருந்ததா, வெளிச்சம் இருந்ததா, பக்கத்தில் வேறு ஆட்கள் இருந்தார்களா, ஒருவரோடு ஒருவர் கதைக்க முடிந்ததா. இவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒரு பாய் இருந்தது. உயரத்தில் சின்ன ஜன்னல் ஒன்று. ஒன்பது பேர். ஒரு கிழவர் இரவில் தேவாரம் சொன்னார். வீட்டுக்காரிக்கு ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், முன்பின் தெரியாத ஒரு மனுசிக்கு, பிழை பிழையான சிங்களத்தில், வரி வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவள் நான். பொறாமை என்றும் சொல்லலாம், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"தண்ணி?" என்று கேட்டா. குரல் அப்போதுதான் மாறியது. "தண்ணி கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்கள்."

"கேட்டால் கொடுப்பாங்களா?"

"ஓம் அம்மா. கேட்டால் கொடுப்பாங்கள்."

"தம்பிக்குத் தாகம் தாங்காது," என்றா. "பள்ளிக்கூடத்தால் வந்தால் புத்தகத்தை வைக்கமுதல் தண்ணிதான் கேட்பான்." பிறகு கதவுப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டா. மாஸ்டர் எழும்பிப் போகவில்லை. யாரும் போகவில்லை. அழுது முடியும்வரைக்கும் மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனா. சோறு போட்டுக்கொண்டு வந்தா. பலாக்கொட்டைக் கறியும் கருவாடும். எங்களுக்கு முன்னால் வைத்துவிட்டு, மறுபடியும் இவரைப் பார்த்துத்தான் சொன்னா: "சொன்ன நாளிலேயே குதிரையைக் கொண்டு வாங்கள். கூடாரத்தை மேட்டில் போடுங்கள், கீழே மழைத்தண்ணி நிற்கும்." என்னிடம் ஒரே ஒரு வார்த்தை கதைத்தா. கறிக்கு உறைப்புக் காணுமா, போதுமா என்று கேட்டா. காணும் என்றேன்.

திரும்புகிற பஸ்ஸில் முதலில் மகளுக்கு அழைத்துச் சொன்னேன். அவள் குதிரைக்குப் பக்கத்தில் நின்றிருக்கவேண்டும். அது மூச்சு விடுவதுதான் கேட்டது. பிறகு "தாங்ஸ் அம்மா" என்றாள். "அப்பாவுக்குச் சொல்லு," என்று போனை இவரிடம் கொடுத்தேன். இவர் வழக்கம்போல "ம்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தார்.

பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. இவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று பொலிசிலிருந்து விட்டபோது, எங்கள் வாசலுக்கு வந்ததும் இவர் செய்த முதல் காரியம் எனக்கு நினைவு வந்தது. என்னோடு ஒரு வார்த்தை கதைக்காமல், செருப்பைக்கூடக் கழற்றாமல், நேரே குசினிக்குப் போய்க் குழாயில் வாயை வைத்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்டேன். "அங்க தண்ணி குடுத்தவங்களோ?"

இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லை," என்றார். பஸ் இன்னும் இரண்டு வளைவு இறங்கிய பிறகு, "அவவுக்கு வேற என்னத்தைச் சொல்லுறது," என்றார்.